முதலில் தண்ணீர், பிறகு ஊசி

பழைய இசைத்தட்டு விற்கும் இடங்களில் வாங்குபவர் முதலில் கேட்பது ‘பாடுமா?’ என்றுதான். விற்பவர் உறையிலிருந்து எல்.பி.யை உருவுவார். கையில் கிடைத்த துணியால் ஒரு சுற்றுத் துடைப்பார். பக்கத்திலிருக்கும் பிளேயரில் ஏற்றி ஊசியை வைப்பார். பாட்டு தெளிவாக வந்தால் ஒரு விலை, கரகரத்தால் இன்னொரு விலை. இரண்டு பேருக்கும் நியாயமாகத் தோன்றும் இந்தச் சோதனையில் இரண்டு கெடுதல்கள் இருக்கின்றன. அழுக்கோடு இருக்கும் தட்டின்மேல் ஊசியை ஓட்டுவது அதற்கு ஆறாத காயத்தை உண்டாக்கக்கூடும். அப்படிக் கேட்டுவிட்டுச் சொல்லும் தீர்ப்பையும் நம்ப முடியாது. தண்ணீர் பட்டால் போய்விடும் அழுக்கும், என்ன செய்தாலும் போகாத தேய்மானமும் அந்தக் கரகரப்பில் ஒன்றாகவே கேட்கும். எனவே வரிசை மாற வேண்டும். கைமாறி வந்த தட்டு எதுவானாலும், முதலில் கழுவிவிட்டுப் பிறகுதான் ஊசி வைக்க வேண்டும். இதைச் சிலர் சுத்தப் பித்து என்பார்கள். அப்படி ஒதுக்கிவிட முடியாது என்பதற்கு ஊசி ஓடும் தடத்தின் அளவுகளே சாட்சி.

12 அங்குல எல்.பி.யின் ஒரு பக்கம் 20 நிமிடம் பாடுவதாக வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற கணக்கில் தட்டு ஏறத்தாழ 667 முறை சுற்றுகிறது. வெளி விளிம்பிலிருந்து உள்நோக்கிச் சுருண்டு செல்லும் அந்த ஒற்றைத் தடத்தை நேராக்கினால் 400 மீட்டரைத் தாண்டும். அதன் அகலம் ஒரு தலைமுடியின் பருமன் அளவுதான். ஆங்கில ‘வி’ எழுத்துபோலச் சரிந்திருக்கும் அதன் இரண்டு சுவர்களில்தான் இசை இருக்கிறது. ஸ்டீரியோ தட்டில் ஒரு சுவர் இடப்பக்க ஒலியையும் மறு சுவர் வலப்பக்க ஒலியையும் தாங்குகிறது. ஆலன் பிளம்லைன் 1931இல் இங்கிலாந்தில் காப்புரிமைக்கு விண்ணப்பித்த இந்த யோசனை கடைக்கு வர 1950களின் பிற்பகுதி ஆயிற்று. இந்தச் சுவர்களின் நெளிவு எவ்வளவு நுணுக்கமானது என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 10,000 ஹெர்ட்ஸ் அளவிலான ஒரு கீச்சொலி, உதாரணமாகத் தாளத்தின் கிணுகிணுப்பு, நல்ல உரத்தோடு பதிவாகியிருந்தாலும் ஊசியைப் பக்கவாட்டில் நகர்த்தும் தூரம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. வீட்டுத் தூசியின் சாதாரணத் துகளே 10 மைக்ரான் இருக்கும். இசை ஊசியை ஒரு மைக்ரான்கூட அசைக்காத இடத்தில் தூசி பத்து மைக்ரான் தூக்கிப் போடுகிறது. ‘பட்’டென்று வெடிப்பது அதுதான்.

இத்தோடு நின்றால் பரவாயில்லை. வெடித்த ஓசை வெடித்ததாகப் போகும், அடுத்த முறை கழுவிக்கொள்ளலாம். ஆனால் ஊசியின் பளு அப்படி விடுவதில்லை. ஊசியைத் தாங்கும் நல்ல கார்ட்ரிட்ஜ் தடத்தை அழுத்தும் பளு ஒன்றரை முதல் இரண்டு கிராம். கேட்க அற்பமாகத்தான் இருக்கும். அந்த இரண்டு கிராமைத் தாங்கும் தொடுபரப்போ சில பத்துச் சதுர மைக்ரான்கள். இதைச் சதுர சென்டிமீட்டர் கணக்குக்கு மாற்றிப் பார்த்தால் அழுத்தம் டன் கணக்கில் வருகிறது. எல்.பி. செய்யப்படும் வினைல் மீளும் தன்மை கொண்டது. வைர முனை வழவழப்பாக இருக்கும்வரை சுவர் சற்று அமுங்கி மீண்டும் எழுந்துவிடும். இடையில் ஒரு மணல் துகள் சிக்கினால் கதை வேறு. சாலைப் புழுதியில் இருக்கும் மணலின் கடினம் வினைலைவிடப் பலமடங்கு அதிகம். டன் கணக்கான அழுத்தத்தில் அந்தத் துகள் சுவரைக் கீறுகிறது, அல்லது சுவருக்குள்ளேயே பதிந்து உட்கார்ந்துவிடுகிறது. பதிந்த துகளைப் பிறகு தண்ணீர் பெயர்த்தாலும் அது விட்டுச்சென்ற குழி போகாது. கழுவியிருந்தால் போயிருக்கும் அழுக்கு இப்படித்தான் நிரந்தரக் காயமாகிறது. கடையில் ‘பாடுமா’ என்று கேட்டுப் பார்த்த அந்த இரண்டு நிமிடத்தில் இது நடந்து முடிந்துவிடலாம்.

நம் ஊர்த் தட்டுகளில் என்ன அழுக்கு இருக்கும் என்பதையும் பார்க்க வேண்டும். குளிர்நாடுகளில் இசைத்தட்டுக்காரர்களின் பெரிய புலம்பல் நிலைமின்சாரம். காற்று வறண்டிருக்கும்போது வினைல் மின்னேற்றம் பெற்றுத் தூசியைக் காந்தம்போல இழுத்துக்கொள்ளும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களின் ஈரக் காற்றில் அந்தத் தொல்லை குறைவு. பதிலுக்கு வேறொன்று வந்து சேர்கிறது, பூஞ்சை. காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் நீடிக்கும் அறையில் அட்டை உறையும் உள்ளுறைக் காகிதமும் பூஞ்சைக்கு நல்ல தீனி. வினைலை அது பெரிதாகத் தின்பதில்லை. தட்டின்மேல் பலர் விரல் வைத்துவிட்டுப்போன எண்ணெய்ப் பிசுக்கையும் காகிதத்தின் நாரையும் பிடித்துக்கொண்டு தடத்துக்குள் படர்கிறது. அதன்மேல் சமையலறைப் புகை, சாம்பிராணிப் புகை, சிகரெட் புகை ஆகியவற்றின் பிசின் படிகிறது. அந்தப் பிசினில் புழுதி ஒட்டுகிறது. முப்பது நாற்பது ஆண்டு பரணில் கிடந்த தட்டில் இருப்பது ஊதினால் பறக்கிற தூசி இல்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும். அது தடத்தின் அடியில் ஒட்டி இறுகிய களிம்பு. கார்பன் இழைத் தூரிகை இதற்குப் போதாது. அந்தத் தூரிகை அன்றாடம் ஓட்டும் சுத்தமான தட்டில் உட்கார்ந்த தூசியை எடுக்கத்தான் நல்லது. களிம்பின்மேல் ஓட்டினால் மேலாக இருப்பதைத் தடத்துக்குள் இன்னும் தள்ளிவிடும்.

அழுக்கு ஒரு பக்கம் இருக்க, தேய்மானம் என்பது தனிக் கதை. இந்திய வீடுகளில் அன்று பரவலாக இருந்த சிறிய பிளேயர்களில் இருந்தவை செராமிக் அல்லது கிறிஸ்டல் கார்ட்ரிட்ஜ்கள். தடத்தின்மேல் அவை ஐந்து கிராம், அதற்கு மேலும்கூட அழுத்தின. தேய்ந்த ஊசியை மாற்றாமல் ஆண்டுக்கணக்கில் ஓட்டிய வீடுகள் உண்டு. கல்யாண வீடுகளுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் மைக் செட் கட்டியவர்களின் தட்டுகள் புழுதியிலும் வெயிலிலும் நாள்முழுக்கச் சுழன்றவை. இப்படித் தேய்ந்த சுவரில் நெளிவுகளின் கூர்மை மழுங்கியிருக்கும். அதைத் திருப்பிக் கொண்டுவர எந்தத் திரவத்தாலும் முடியாது. பாட்டு உச்சத்துக்கு ஏறும்போது குரல் கிழிவதும், ‘ச’, ‘ஸ’ ஒலிகள் சீறித் தெறிப்பதும், ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டில் இவை கூடுவதும் தேய்மானத்தின் அடையாளங்கள். கடைசிப் பாட்டு அதிகம் பாதிக்கப்படக் காரணம் உண்டு. வெளி விளிம்பில் தடம் ஊசிக்கு அடியில் நொடிக்கு ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் ஓடுகிறது. உள்வட்டத்தில் அது 20 சென்டிமீட்டராகக் குறைகிறது. வெளியே 50 மைக்ரான் நீளத்தில் விரிந்திருந்த அதே ஒலியலை உள்ளே 20 மைக்ரானுக்குள் நெருக்கப்படுகிறது. அழுக்கோ தேய்மானமோ, ஒரே அளவு கெடுதல் அங்கே இரண்டு மடங்குக்கு மேல் உறைக்கும்.

கழுவிய பிறகு கேட்டால்தான் எது எது என்று காது பிரித்தறியும் என்று நான் சொல்வது இதனால்தான். அழுக்கின் ஓசை பாட்டைச் சட்டை செய்யாது. பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையிலான மௌனத்திலும், தொடக்கத்து வெற்றுத் தடத்திலும் அது ஒழுங்கில்லாமல் சடசடத்துக்கொண்டே இருக்கும். தேய்மானம் பாட்டோடு சேர்ந்து எழும்பி, பாட்டோடு அடங்கும். கீறலுக்குக் கடிகார ஒழுங்கு உண்டு. எல்.பி.யில் 1.8 நொடிக்கு ஒருமுறை, 45 சுற்றுத் தட்டில் 1.3 நொடிக்கு ஒருமுறை, அதே இடத்தில் ‘டிக்’ என்று அடிக்கும். அச்சில் வினைல் சரியாக நிரம்பாமல் போன தட்டில் பெரும்பாலும் ஒரு பக்க ஸ்பீக்கரில் மட்டும் துணி கிழிவதுபோல ஓர் ஓசை வரும். அழுக்கு இருக்கும்வரை இவை நான்கும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடக்கும். களிம்பு விலகியதும் மிஞ்சுவது தட்டின் உண்மையான நிலை. இதில் ஒரு கசப்பும் உண்டு. கழுவிய பிறகு சில தட்டுகள் முன்பைவிட மோசமாகத் தோன்றும். கரகரப்பு மூடியிருந்த குரல் கிழிசல் வெளியே வந்துவிடும். அதைக் கழுவியதன் குற்றமாகச் சொல்வது தவறு. அப்படிப்பட்ட தட்டுக்கும் ஒரு வழி மிச்சமிருக்கிறது. பழைய உருண்டை முனை ஊசி சுவரின் ஒரு குறிப்பிட்ட உயரத்தில்தான் தேய்த்திருக்கும். குறுகலான, நீண்ட கோடாகச் சுவரைத் தொடும் இன்றைய ஊசிமுனைகள் அந்தத் தேய்மானத்துக்கு மேலோ கீழோ தேயாத பகுதியைத் தொட்டு எடுக்க வாய்ப்புண்டு. அந்த மெல்லிய முனை இறங்க வேண்டிய ஆழத்தில்தான் களிம்பு கிடக்கிறது. இந்த வழிக்கும் முதல் படி கழுவுவதே.

சரி, எப்படிக் கழுவுவது? இதில் பலரும் திரவத்தின் பெயரைத்தான் கேட்கிறார்கள். அழுக்கு எங்கே போகிறது என்று கேட்பவர்கள் குறைவு. அந்தக் கேள்வியை அரை நூற்றாண்டுக்கு முன்பே கேட்டவர்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் செசில் வாட்ஸ் என்ற பொறியாளர் தடங்களை நுண்ணோக்கி வழியே படமெடுத்து, தூசி அங்கே என்ன செய்கிறது என்று காட்டியவர். தட்டு பாடும்போதே தூசியை எடுக்கும் ‘டஸ்ட் பக்’ என்ற சிறு கருவி அவருடையது. ‘தி கிராமபோன்’ பத்திரிகையின் தொழில்நுட்ப ஆசிரியராக இருந்த பெர்ஸி வில்சன் 1960களில் இன்னொரு படி மேலே போனார். ஈரத்தைத் தட்டிலேயே காயவிடக் கூடாது, அழுக்கு கரைந்த நிலையிலேயே உறிஞ்சி வெளியேற்ற வேண்டும் என்ற கருத்து அவரிடமிருந்து வளர்ந்தது. அதைக் கருவியாக்கி விற்றவர் கீத் மங்க்ஸ். நைலான் நூல் ஓடும் ஒரு குழல்முனை, தடத்தின் வழியே மெல்ல நகர்ந்து ஈரத்தை உறிஞ்சும். பி.பி.சி. தன் இசைத்தட்டுக் களஞ்சியத்துக்கு இந்தக் கருவியைப் பயன்படுத்தியது. இன்றைய உறிஞ்சு வகைக் கருவிகளெல்லாம் இந்த யோசனையின் வாரிசுகள்தான். ஈரத்துணியால் துடைத்துக் காயவைப்பவர்கள் தவறவிடுவது இந்த ஒரு இடத்தை. அழுக்கைக் கரைக்கிறார்கள், வெளியேற்றுவதில்லை. தண்ணீர் மட்டும் ஆவியாகிறது. கரைந்த களிம்பு தடம் முழுக்க மெல்லியதாகப் பரவி மறுபடி காய்கிறது. முன்பு அங்கங்கே வெடித்தது, இப்போது எங்கும் சீராக இரைகிறது.

தண்ணீரின் தரமும் இதே கணக்கில்தான் வருகிறது. தமிழ்நாட்டின் ஆழ்குழாய்த் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் உப்பு கரைந்திருப்பது அதிசயமில்லை, பல ஊர்களில் அதைவிடக் கூடுதல். அந்தத் தண்ணீரில் கழுவி, துடைத்த பிறகும் இரண்டு மில்லிலிட்டர் ஈரம் தடங்களில் தங்கி அப்படியே காய்வதாகக் கொள்வோம். ஒரு மில்லிகிராம் உப்பு எஞ்சும். இது ஒன்றுமில்லை என்று தோன்றலாம். அந்த ஒரு மில்லிகிராம் முழுதும் 10 மைக்ரான் துகள்களாகப் படிந்தால் அவற்றின் எண்ணிக்கை சுமார் நான்கு லட்சம் வரும். நடப்பில் அவ்வளவும் அதே அளவுத் துகளாகப் படியாது, ஒரு பகுதி மெல்லிய படலமாகிவிடும் என்று வாதிக்கலாம். பத்தில் ஒரு பங்கு படிந்தால்கூட நாற்பதாயிரம். குழாய்த் தண்ணீரில் கழுவியவர்கள் ‘கழுவினால் இன்னும் மோசமாகிறது’ என்று சொல்வதில் பொய்யில்லை, குற்றவாளியைத்தான் மாற்றிச் சொல்கிறார்கள். வீட்டு ஆர்.ஓ. தண்ணீர் இதைவிடப் பரவாயில்லை, ஆனால் அதிலும் உப்பு எஞ்சியிருக்கும். மருந்துக்கடையிலோ பேட்டரிக் கடையிலோ கிடைக்கும் வாலைவடி நீரோ அயனி நீக்கிய நீரோதான் கடைசி அலசலுக்கு ஏற்றது. ஒரு தட்டுக்குச் சில ரூபாய்க்கு மேல் ஆகாது. விலை உயர்ந்த திரவத்தைக் குழாய்த் தண்ணீரில் அலசுவதைவிட, எளிய திரவத்தை நல்ல தண்ணீரில் அலசுவது ஒலிக்கு அதிக நன்மை செய்யும்.

வெறும் தண்ணீர் மட்டும் போதாது. வினைல் தண்ணீரை ஏற்காமல் முத்து முத்தாக உருட்டிவிடும், முத்து தடத்துக்குள் இறங்காது. அதன் பரப்பு இழுவிசையைக் குறைக்க ஒரு துளி சோப்புத்தன்மையுள்ள பொருள் தேவை. அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் தன் தட்டுகளுக்குப் பயன்படுத்துவது ‘டெர்ஜிட்டால்’ வகையைச் சேர்ந்த, மின்னேற்றமில்லாத சலவைப்பொருளை அயனி நீக்கிய நீரில் மிகச் சிறிதளவு கலந்த கரைசல். அதில் வாசனை இல்லை, நிறம் இல்லை, ஆல்கஹாலும் இல்லை. பாத்திரம் துலக்கும் திரவத்தில் எண்ணெயை எடுக்கும் சக்தி இருக்கிறது என்பது உண்மை. கூடவே நிறமும் மணமும் கெட்டிப்படுத்தும் உப்பும் இருக்கின்றன. அதைப் பயன்படுத்தினால் இரண்டு மடங்கு அலச வேண்டும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலைப் பத்து, இருபது சதவீதம் கலப்பவர்கள் நிறையப் பேர். அது வினைலின் உள்ளிருக்கும் பொருள்களை உருவிவிடும், தட்டு நொறுங்கிவிடும் என்ற எதிர்ப்பும் நெடுநாளாக உண்டு. இசைத்தட்டு வினைல் மழைக்கோட்டுப் பிளாஸ்டிக்கைப் போல மென்மையூட்டி ஏராளமாகச் சேர்த்த வகை இல்லை. அது வினைல் குளோரைடும் வினைல் அசிட்டேட்டும் இணைந்த விறைப்பான கலப்புப் பொருள். நீர்த்த ஆல்கஹால் ஒரு நிமிடம் பட்டு அலசப்படுவதால் அது கெட்டுவிடும் என்று நம்ப எனக்குப் போதிய காரணம் தெரியவில்லை. எண்ணெய்ப் பிசுக்கோ புகைப் பிசினோ பிடித்த தட்டுக்கு அது உதவும். மற்றத் தட்டுகளுக்குத் தேவையில்லை, ஆவணக் காப்பாளர்கள் தவிர்ப்பதை வீட்டில் வழக்கமாக்க வேண்டியதில்லை என்பதே என் முடிவு.

அல்ட்ராசோனிக் கருவிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், இன்றைய ஆவலெல்லாம் அங்கேதான். 40,000 ஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேலான அதிர்வை நீருக்குள் செலுத்தினால் நுண்குமிழ்கள் தோன்றி உடைகின்றன, அந்த உடைவு அழுக்கைப் பெயர்க்கிறது. தூரிகை இழை எட்டாத தடத்தின் அடிவாரத்துக்கும் குமிழ் எட்டும். பூஞ்சை வேரோடிய தட்டுகளில் இதற்கு நிகரில்லை என்பதை ஏற்கிறேன். ஆனால் இசைத்தட்டுக்கென்றே செய்த நல்ல கருவியின் விலை இரண்டு லட்சம் ரூபாயைத் தாண்டுகிறது. நீர் சூடேறினால் ஆபத்தும் உண்டு. 60, 70 டிகிரி செல்சியஸில் வினைல் இளகிவிடும் என்பதால் 40 டிகிரிக்குள் வைப்பதே பாதுகாப்பு. குமிழ் பெயர்த்த அழுக்கு அதே தொட்டி நீரில்தான் மிதக்கிறது. வடிகட்டாமல் பத்துத் தட்டு கழுவினால் பத்தாவது தட்டு முதல் ஒன்பதின் அழுக்கிலிருந்து எழுந்து வருகிறது. கையால் கழுவ மென்மையான தூரிகை, தடம் ஓடும் திசையிலேயே தேய்க்கும் பொறுமை, நடுவில் உள்ள காகித லேபிளை நனையாமல் மூட ஒரு தகடு, இரண்டு முறை நல்ல தண்ணீரில் அலசல், இழை உதிராத துணி ஆகியவை போதும். கருவி தரும் பலனின் பெரும்பகுதி இவற்றிலேயே கிடைத்துவிடும். ஒரு பகுதி கிடைக்காது. அந்தக் குறைவோடு வாழலாம்.

இப்போது ஒலிக்கு வருவோம். கழுவினால் பேஸ் இறுகுகிறது, மேடை விரிகிறது, பாடகர் எழுந்து முன்னால் வருகிறார் என்றெல்லாம் சொல்கிறார்கள். இந்தப் பேச்சு அளவு மீறிப் போவதால்தான் கழுவுவதே வீண் ஜம்பம் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். கழுவுதல் தட்டில் எதையும் சேர்ப்பதில்லை. சத்தம் குறைகிறது, அதனால் அடியில் மறைந்திருந்தது கேட்கிறது. தம்புராவின் ரீங்காரம், வீணைத் தந்தி மெல்ல ஓய்ந்து மறையும் நீட்சி, பாடுபவர் மூச்செடுக்கும் இடம் போன்ற மெல்லிய ஒலிகளைத்தான் இரைச்சல் முதலில் விழுங்கும். அழுக்கு நீங்கியதும் முதலில் திரும்பி வருபவையும் அவையே. கீச்சொலிகள் தெளிவடைவதற்கும் விளக்கம் இருக்கிறது. பிசின் படலம் சில மைக்ரான் தடித்திருந்தாலே ஒரு மைக்ரானுக்கும் குறைந்த நெளிவுகளை ஊசி சரியாகத் தொட முடியாது. ஊசிமுனையில் உருண்டு சேரும் அழுக்குப் பந்தும் முனையைத் தூக்கிப் பிடித்துக் குரலைக் கிழியவைக்கும். பேஸுக்கு மட்டும் இந்த விளக்கம் பொருந்தவில்லை. தாழ்ந்த ஒலிகளின் நெளிவு பத்துக்கணக்கான மைக்ரான் அகலம் உள்ளது, மெல்லிய படலம் அதை ஒன்றும் செய்ய முடியாது. கழுவிய கையோடு ஊசியையும் துடைத்து, ஆவலோடு உட்கார்ந்து இரண்டாம் முறை கேட்கும்போது பேஸ் கூடியதாகத் தோன்றலாம். ஐயமிருப்பவர்கள் ஏற்கெனவே பலமுறை ஓடிய ஒரு தட்டை எடுத்து, தொடக்கத்து வெற்றுத் தடத்தையும் ஒரு மெல்லிய பகுதியையும் கழுவும் முன்னும் பின்னும் ஒரே ஒலியளவில் கணினியில் பதிவுசெய்து ஒப்பிடட்டும். வெடிப்புகளைக் கண்ணாலேயே எண்ணிவிடலாம்.

கணினி வந்துவிட்ட பிறகு தண்ணீர் எதற்கு என்பது இன்றைய வலுவான ஆட்சேபம். வெடிப்பைக் கண்டுபிடித்து, அதன் இருபுறமும் உள்ள ஒலியைக் கொண்டு இடைவெளியை நிரப்பும் மென்பொருள்கள் வியக்கத்தக்கவை. தனித்தனியாக விழும் ‘டிக்’குகளை அவை தடயமில்லாமல் எடுத்துவிடும். அடர்த்தியான சடசடப்பில்தான் தடுமாறுகின்றன. நொடிக்கு நூறு வெடிப்பு என்றால் எது அழுக்கு, எது இசை என்று பிரிக்க வேண்டியிருக்கிறது. மிருதங்கத்தின் வலந்தலையில் விழும் விரல், கஞ்சிராவின் சலங்கை, வீணையின் மீட்டு ஆகியவையும் திடீரென்று எழுந்து அடங்கும் ஒலிகளே. மென்பொருளுக்கு அவற்றின் வடிவமும் வெடிப்பின் வடிவமும் நெருங்கியவை. கடுமையாகச் சுத்தம் செய்தால் தாளவாத்தியத்தின் முனை மழுங்குகிறது, மென்மையாகச் செய்தால் சடசடப்பு தங்குகிறது. ஒலி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டு அமைப்பான ஐ.ஏ.எஸ்.ஏ., எண்மமாக்கும் முன் தட்டைச் சுத்தம் செய்யச் சொல்வதன் நியாயம் இங்கே இருக்கிறது. மூலத்திலிருந்து எடுக்கும்போதே நன்றாக எடுப்பது முதல் வேலை, திருத்தம் அதற்குப் பிறகு. வீட்டில் செய்யக்கூடிய இன்னொரு நல்ல காரியத்துக்கு மென்பொருளே வேண்டாம். பழைய தமிழ்த் தட்டுகளில் மிகப் பெரும்பாலானவை மோனோ. மோனோ தடத்தில் இசை பக்கவாட்டில் மட்டும் அசைகிறது. தூசியோ ஊசியை மேல்கீழாகவும் தூக்குகிறது. இரண்டு சேனலையும் ஒன்றாகக் கூட்டும் மோனோ பொத்தானை அழுத்தினால் மேல்கீழ் அசைவின் ஓசை ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கழுவிய மோனோ தட்டை இப்படிக் கேட்டால் எஞ்சிய இரைச்சலிலும் நல்ல பங்கு அடங்கிவிடும்.

கரகரப்புதான் பழைய தட்டின் உயிர், அதை ஏன் கழுவிக் கொட்டுகிறீர்கள் என்று கேட்பவர்களும் உண்டு. இது மனத்தின் கேள்வி, மதிப்போடுதான் பதில் சொல்ல வேண்டும். ஆனால் அந்தப் பாட்டைப் பதிவுசெய்தவர்கள் அதை விரும்பவில்லை. 1950களில் ஒலிப்பதிவுத் துறை ஒப்புக்கொண்ட ஆர்.ஐ.ஏ.ஏ. முறையில் ஒரு பகுதி இரைச்சலோடு நடத்திய சண்டையின் விளைவு. பதியும்போது கீச்சொலிகளை வேண்டுமென்றே உயர்த்தி, கேட்கும்போது அதே அளவு தாழ்த்தினால் தட்டின் உராய்வு ஓசையும் கூடவே தாழும் என்பது அதன் ஒரு முக்கியப் பயன். சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களில் முழு வாத்தியக்குழுவும் ஒன்றாக உட்கார்ந்து, ஒருவர் தவறினால் எல்லோரும் முதலிலிருந்து வாசித்த காலத்தில் பதிவானவை அந்தப் பாடல்கள். அவ்வளவு உழைப்பில் அவர்கள் காப்பாற்றிய மௌனத்தின்மேல் பிறகு படிந்தது நம் வீட்டுப் புழுதி. அந்தப் புழுதியின்மேல் பாசம் வைக்கலாம், அதைப் பாடலின் குணம் என்று சொல்ல மட்டும் என்னால் முடியாது.

இவ்வளவும் வினைலுக்கு. 78 சுற்றுத் தட்டுகளைக் கையில் எடுக்கும்போது முன்னே சொன்னதில் ஒரு பகுதியை மறந்துவிட வேண்டும். அவை அரக்கால் ஆனவை. இன்றைய ஜார்க்கண்ட் பகுதிக் காடுகளில் பூச்சிகள் சுரந்த அரக்கு உலகமெங்கும் தட்டுத் தொழிலுக்குப் பெருமளவில் போயிற்று. அரக்கோடு கல்பொடியும் கரியும் சேர்ந்திருப்பதால் ஓரளவு இரைச்சல் தட்டின் பிறவிக் குணம், கழுவிப் போகாது. அரக்கு ஆல்கஹாலில் கரையும். ஸ்பிரிட், சானிடைசர், எல்.பி.க்கென்று ஆல்கஹால் கலந்து வைத்திருக்கும் திரவம், எது பட்டாலும் தடம் உருகிப் பாட்டு போய்விடும். இந்தியாவில் 78 தட்டுகள் 1960களின் பிற்பகுதிவரை வந்துகொண்டிருந்தன, பீட்டில்ஸ் பாடல்களே இங்கே அந்த வடிவில் வெளியாயின. ஆகவே ‘இது புதிய பாட்டு, வினைலாகத்தான் இருக்கும்’ என்று ஆண்டைப் பார்த்து முடிவுசெய்யக் கூடாது. கனமாக, விறைப்பாக, பத்து அங்குலத்தில், பக்கத்துக்கு மூன்று நிமிடம் பாடுவதாக லேபிளில் 78 என்று போட்டிருந்தால் ஆல்கஹால் இல்லாத கரைசலால் சுருக்கமாகக் கழுவி உடனே துடைத்துவிட வேண்டும். விரிசல் விட்டதோ ஓரம் உடைந்ததோ இருந்தால் நீர் உள்ளே இறங்கும், கழுவவே வேண்டாம். சென்னை சரஸ்வதி ஸ்டோர்ஸ் வழியாகத் தென்னிந்தியப் பாட்டுகளை வெளியிட்ட ஒடியான் முத்திரைத் தட்டுகளை, பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தில் எண்மமாக்கியிருக்கிறார்கள். அத்தகைய தட்டு ஒன்று வீட்டில் கிடைத்தால், சோதனைக்கு எடுக்க வேண்டிய முதல் தட்டு அதுவல்ல.

கழுவிய தட்டைப் பழைய உள்ளுறையிலேயே திரும்பப் போடுவது பாதி வேலையைத் தண்ணீரில் விடுவது. பூஞ்சையும் புழுதியும் காகிதத்தில்தான் குடியிருக்கின்றன. பாலிஎத்திலீன் உள்ளுறை மாற்றி, அச்சிட்ட பழைய உள்ளுறை இருந்தால் அதை வெளி அட்டைக்குள் தனியே வைத்துக்கொள்ளலாம். வழவழப்பான பி.வி.சி. உறைகள் மட்டும் வேண்டாம், அவற்றின் மென்மையூட்டி கசிந்து தட்டின்மேல் மங்கலான படலம் போடும்.

கடைக்காரர்கள் கழுவி விற்றால் நல்லது, விலையும் நேர்மையாகும். அதுவரை வாங்குபவர் ஊசிக்குப் பதில் கண்ணைப் பயன்படுத்த வேண்டும். தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் தெரிவது நிறைய. புள்ளி புள்ளியாகவோ சிலந்தி வலைபோலவோ வெண்மை படர்ந்திருந்தால் பூஞ்சை, விரல் ரேகை தெரிந்தால் எண்ணெய், இரண்டும் போகக்கூடியவை. உரத்துப் பாடும் பகுதிகளில் கருமையின் பளபளப்பு போய்ச் சாம்பல் பூத்திருந்தால் அது தேய்மானம். கீறலின்மேல் நகத்தை மெல்ல ஓட்டும்போது தட்டுப்பட்டால் அது 1.8 நொடிக்கு ஒருமுறை கேட்கத்தான் போகிறது. நடுத்துளையைச் சுற்றி லேபிளில், பிளேயரின் நடுக்கம்பி துளையைத் தேடி உரசிய தடங்கள் நிறைய இருந்தால் பலமுறை ஓடிய தட்டு. அழுக்காக, ஆனால் கருமை மங்காமல் இருக்கும் தட்டையும், துடைத்துப் பளிச்சென்று வைத்த, சாம்பல் பூத்த தட்டையும் ஒரே விலைக்குக் கொடுத்தால் அழுக்கான தட்டைத்தான் எடுக்க வேண்டும்.